நாளொரு வரிசை, பொழுதொரு வண்ணம்

அன்றன்றைய வெயிலையும் குளிரையும் நூலின் நிறத்தில் பதிவு செய்யும் போர்வைகள், பொழுதுபோக்கின் எல்லையைத் தாண்டி, பூமி சூடேறுவதன் கணக்கேடாகவும் மாறியிருக்கின்றன.

தில்லியின் ஓர் ஆண்டைப் போர்வையாகப் பின்னினால் அது கருநீலத்தில் தொடங்கும். ஜனவரி மூடுபனியில் பகல் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸைத் தொடவே திணறும் நாட்கள் அந்த நிறத்தில் அடுக்கடுக்காக விழும். பிப்ரவரியில் பச்சை எட்டிப் பார்க்கும். ஹோலி முடிந்த கையோடு மஞ்சள் வரும், ஏப்ரலில் ஆரஞ்சு. மே மாதத்தில் பெரும்பாலும் சிவப்பு. நடுநடுவே 45 டிகிரியைத் தாண்டிய நாட்களுக்கான அரக்கு நிறக் கீற்றுகள். ஜூன் கடைசியில் பருவமழை இறங்கியதும் சிவப்பு அறுபட்டு மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் திரும்பும். தீபாவளிக்குப் பிறகு பச்சை, ஆண்டு முடிவில் மறுபடி நீலம். எண்களே தெரியாத ஒருவரிடம் இந்தப் போர்வையை விரித்துக் காட்டினாலும், எந்த இடத்தில் மின்விசிறி சுழல ஆரம்பித்தது, எந்த இடத்தில் பெட்டியிலிருந்து ரஜாய் வெளியே வந்தது என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார்.

இதற்கு வெப்பநிலைப் போர்வை என்று பெயர். விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு வரிசை. அன்றைய அதிகபட்ச வெப்பநிலை எந்த வரம்புக்குள் வருகிறதோ, அந்த வரம்புக்கென்று முன்கூட்டியே முடிவு செய்த நிற நூலைக் கொக்கி ஊசியில் மாட்டி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பின்ன வேண்டும். ஆண்டு முடியும்போது 365 வரிசைகள். லீப் ஆண்டானால் 366. நிறங்களைப் பின்னுபவர் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எந்த நாளில் எந்த நிறம் என்பது அவர் கையில் இல்லை. அதை வானம் தீர்மானிக்கிறது. புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கை தேடும் ரசனைக்கு இங்கே வேலையில்லை. பச்சையை அடுத்துத் திடீரென்று ஆரஞ்சு வந்தால் வந்ததுதான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெகுவாகப் பரவிய இந்தப் பழக்கத்துக்குப் பல கிளைகள் உண்டு. குழந்தை பிறந்த நாளிலிருந்து முதல் பிறந்த நாள் வரையிலான ஓராண்டைப் பின்னி அந்தக் குழந்தைக்கே பரிசளிப்பவர்கள் இருக்கிறார்கள். திருமணமான ஆண்டைப் பின்னுபவர்கள் இருக்கிறார்கள். மழை பெய்த நாளுக்கு ஒரு பாசிமணியையோ வெள்ளி இழையையோ சேர்ப்பவர்களும் உண்டு. போர்வை அளவுக்குப் பொறுமை இல்லாதவர்கள் கழுத்துச் சால்வையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் லீ ரெட்மண்ட் பிரபலப்படுத்திய முறையில் வெப்பநிலைக்குக்கூட இடமில்லை. தினமும் வானத்தை அண்ணாந்து பார்த்து, நீலமா, சாம்பலா, வெள்ளையா என்று முடிவு செய்து, அந்த நிறத்தில் ஒரு வரிசை.

நூலில் கணக்கு எழுதுவது மனிதனுக்குப் புதிதல்ல. தென்னமெரிக்காவின் இன்கா சாம்ராஜ்யம் மக்கள்தொகையையும் வரியையும் கயிற்று முடிச்சுகளில்தான் பதிவு செய்தது. 1859இல் வெளியான சார்லஸ் டிக்கன்ஸின் பிரெஞ்சுப் புரட்சி நாவலில் மதாம் டெஃபார்ஜ், பழி தீர்க்க வேண்டியவர்களின் பட்டியலைப் பின்னலிலேயே குறித்துவைக்கிறாள். ஜெர்மனியின் மியூனிக் பகுதியில் தினமும் ரயிலில் போய்வந்த ஒரு பெண்மணி 2018ஆம் ஆண்டு முழுவதும் ரயில் தாமதத்தையே சால்வையாகப் பின்னினார். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் சாம்பல் நிறம், அரை மணி வரை இளஞ்சிவப்பு, அதற்கும் மேல் சிவப்பு. 2019 ஜனவரியில் நற்பணிக்காக ஏலம் விடப்பட்ட அந்தச் சால்வை 7,550 யூரோவுக்குப் போனது. ரயில்வேக்கு எழுதப்படும் ஆயிரம் புகார்க் கடிதங்கள் சாதிக்காததை ஒரு சால்வை சாதித்தது: எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

அளவுகோலில் இருக்கிறது சூட்சுமம்

தொடங்குவது எளிது, முடிப்பதுதான் கஷ்டம் என்பது இந்தக் கைவேலையில் இறங்கியவர்கள் எல்லோரும் கண்ட உண்மை. முதல் இடறல் கணக்கில் வருகிறது. ஒரு வரிசையின் உயரம் அரை சென்டிமீட்டர் என்றால் 365 வரிசைகள் சேர்ந்து 182 சென்டிமீட்டர். ஆறடிக்காரர் கால் நீட்டிப் படுக்கலாம். சற்றே உயரமான பின்னலைத் தேர்ந்தெடுத்து வரிசை ஒரு சென்டிமீட்டர் ஆகிவிட்டால் நீளம் 3 மீட்டர் 65 சென்டிமீட்டர். அது போர்வை அல்ல, ஜமக்காளம். இதை மார்ச் மாதத்தில் உணர்பவர்கள் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள்: பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவது, அல்லது பெட்டியின் அடியில் வைத்துவிட்டு மறந்துவிடுவது.

இரண்டாவது இடறல் இந்தியாவுக்கே உரியது. குளிர் நாடுகளில் உருவான அளவுகோல்கள் ஐந்தைந்து டிகிரிக்கு ஒரு நிறம் என்று வகுக்கப்பட்டவை. பனியும் கோடையும் இருக்கும் ஊருக்கு அது கச்சிதம். தில்லிக்கும் பொருந்தும். சப்தர்ஜங் நிலையத்தில் இதுவரை பதிவான உச்சம் 1944 மே மாதத்தின் 47.2 டிகிரி, அடிமட்டம் 1935 ஜனவரியின் மைனஸ் 0.6. இந்த இடைவெளியில் எத்தனை நிறங்களை வேண்டுமானாலும் பரப்பலாம். ஆனால் அதே அளவுகோலைத் திருவனந்தபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் கதை கந்தலாகிவிடும். அங்கே பகல் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 29க்கும் 34க்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. பன்னிரண்டு மாத உழைப்புக்குப் பிறகு கிடைப்பது ஒரு மஞ்சள் போர்வை, ஓரிரு பச்சைக் கோடுகளுடன். சென்னையின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது போன்ற அபூர்வ நாட்களை விட்டுவிட்டால், அந்த நகரம் பொங்கலிலிருந்து பொங்கல் வரை மூன்றே நிறங்களில் அடங்கிவிடும்.

அப்படியானால் கடற்கரை ஊர்களில் வெயிலே மாறுவதில்லையா? மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பிடிக்க அளவுகோல் நுணுக்கமாக இருக்க வேண்டும். டிகிரிக்கு ஒரு நிறம் என்று வைத்தால் திருவனந்தபுரமும் பேச ஆரம்பிக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையே எல்லா ஊரையும் ஒரே தராசில் நிறுத்துவதில்லை. சமவெளியில் 40 டிகிரியையும், கடலோரத்தில் 37ஐயும், மலைப் பகுதியில் 30ஐயும் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே எழும். அதற்கு மேல், அந்த ஊருக்கு அந்தத் தேதியில் வழக்கமாக இருக்கும் அளவைவிட குறைந்தது 4.5 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது வெயில் எவ்வளவு என்பதோடு, வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதும் முக்கியம். போர்வை பின்னுபவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இதே வழியைப் பின்பற்றுகிறார்கள். வழக்கமான நாளுக்கு வெள்ளை, கூடினால் சிவப்பின் படிகள், குறைந்தால் நீலத்தின் படிகள். அப்படிப் பின்னும்போது உதகமண்டலமும் ஜெய்சால்மரும் ஒரே கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கலாம்.

பகலைப் பின்னுவதா, இரவைப் பின்னுவதா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலோர் பகலின் உச்சத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உடம்புக்கு ஓய்வு கிடைப்பது இரவில். அந்த இரவு சூடாகவே இருந்துவிட்டால் மறுநாள் வெயிலின் அடி இரட்டிப்பாகிறது. 2024 ஜூன் 19 அதிகாலையில் தில்லி சப்தர்ஜங்கில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி. ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரத்திலேயே அந்த நிலை. இரவுகளை மட்டும் பின்னிய தில்லிப் போர்வையில் அந்த ஒரு வரிசை கண்ணைக் குத்தும். பகல் போர்வையில் அது தெரியவே தெரியாது.

வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு எண்

போர்வையின் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி. 1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்களில், சுற்றிலும் சாய்ந்த பலகைச் சட்டங்கள் வைத்து வெள்ளையடித்த அந்தப் பெட்டி, தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் கால்களில் நிற்கும். வெயில் நேராகப் படாமல், காற்று மட்டும் தாராளமாகப் புகுந்து வெளியேறும் ஏற்பாடு அது. வடிவமைத்தவர் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தகப்பனார். உள்ளே இருக்கும் உச்ச வெப்பமானி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் மூத்த சகோதரன். ஏறிய பாதரசம் குழாயின் குறுகலான இடத்தைத் தாண்டித் தானாக இறங்காது. ஊழியர் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு உதறிவிடும் வரை அங்கேயே நிற்கும். இப்போது பல இடங்களில் ஆளில்லாத தானியங்கி நிலையங்களும் வேலை செய்கின்றன.

எண் தவறினால் வரிசை தவறும். 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி என்று அறிவித்தது. இந்தியாவில் அதுவரை பதிவான உச்சமோ 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரிதான். உலகச் செய்தி நிறுவனங்கள் பரபரத்தன. அன்று தில்லி வட்டாரத்தின் மற்ற நிலையங்கள் காட்டியது 45.2 முதல் 49.1 வரை. வானிலைத் துறை ஆட்களை அனுப்பிச் சோதித்தபோது, முங்கேஷ்பூரின் உணர்கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டுவது தெரிய வந்தது. தலைப்புச் செய்தியை நம்பி அன்றிரவே ஊசியை எடுத்தவர் நாட்டின் சரித்திரத்திலேயே இல்லாத ஒரு நாளைப் பின்னியிருப்பார். ஒரே நிலையத்தைத் தேர்ந்தெடு, கடைசி வரை அதை விட்டு நகராதே என்று இந்தக் கலையின் அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். ஆராய்ச்சியாளர்களின் விதியும் இதே விதிதான்.

மரப்பெட்டி சொல்லாத விஷயமும் உண்டு. அது அளப்பது நிழலில் உள்ள காற்றை. தகரக் கூரைக்குக் கீழே அடுப்பு மூட்டும் பெண்ணின் வெப்பநிலையும், தார் ரோட்டில் கைவண்டி இழுப்பவரின் வெப்பநிலையும் எந்த நிலையத்தின் ஏட்டிலும் இல்லை. ஊரின் அதிகாரபூர்வமான நிறம் ஒன்று. அதே ஊரில் பலர் வாழும் நிறம் இன்னும் இரண்டு படி சிவப்பு.

வானிலையிலிருந்து பருவநிலைக்கு

இந்தக் கைவேலையை விஞ்ஞானிகளும் கையில் எடுத்தபோது அதன் போக்கு மாறியது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கடலியல் விஞ்ஞானி ஜோன் ஷெல்டன் 2015இல் ஒரு சால்வை பின்னினார். அதில் ஒரு வரிசை ஒரு நாளைக் குறிக்கவில்லை, ஓர் ஆண்டைக் குறித்தது. சுமார் 400 ஆண்டுகளின் உலக சராசரி வெப்பநிலை அந்த ஒரே சால்வையில் அடங்கியது. தெர்மாமீட்டர் இல்லாத நூற்றாண்டுகளின் வெப்பத்தை மர வளையங்கள், பவளப் பாறைகள், பனிப்படிவங்கள் ஆகியவற்றைக் கொண்டு விஞ்ஞானிகள் கணிப்பது வழக்கம். நீண்ட நீலமும் ஊதாவும் கடந்து, சால்வையின் ஒரு முனை மட்டும் சிவந்து கிடந்தது.

2017இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பருவநிலைப் பேராசிரியையாக இருந்த எல்லி ஹைவுட், சக ஊழியரின் குழந்தைக்குப் பரிசாக ஒரு போர்வை பின்னினார். கடந்த சுமார் நூறு ஆண்டுகளின் உலக வெப்பநிலைதான் அதன் வடிவம். அதே பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் அதைப் பார்த்தார். அடுத்த ஆண்டு, 2018இல், அவர் வெளியிட்ட 'வெப்பமாதல் பட்டைகள்' உலகையே சுற்றி வந்தன. எண் இல்லை, எழுத்து இல்லை, அச்சுக் கோடுகள் இல்லை. நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் செங்குத்துப் பட்டைகள் மட்டும். நூற்றுக்கணக்கான வரைபடங்களும் பல்லாயிரம் பக்க அறிக்கைகளும் எட்டாத இடங்களுக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. கழுத்துப்பட்டையிலும் கட்டடச் சுவரிலும் ரெடிங் கால்பந்து அணியின் சட்டைக் கையிலும் ஏறியது. பருவநிலை விஞ்ஞானத்தின் மிகப் பிரபலமான படத்துக்கு முன்னோடி ஒரு குழந்தையின் போர்வை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், அனகோர்டஸ் என்ற சிறிய ஊரில் 2017இல் தொடங்கிய 'டெம்பஸ்ட்ரி' திட்டம் இன்னொரு வழியைப் பிடித்தது. டொனால்ட் டிரம்ப் முதல் முறை அதிபரான சமயம் அது. அரசின் பருவநிலைத் தகவல்கள் காணாமல் போய்விடுமோ என்ற கவலை பலரிடம் இருந்தது. களிமண் பலகையிலும் திரைச்சீலையிலும் எழுதிவைத்தால் யாராலும் அழிக்க முடியாது என்று வேடிக்கையாகத் தொடங்கிய பேச்சுதான் திட்டமாக முடிந்தது. இதில் நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் யாருக்கும் இல்லை. ஐந்து ஃபாரன்ஹீட் டிகிரிக்கு ஒன்று என்று 32 நிறங்கள், எல்லோருக்கும் ஒரே பட்டியல். அலாஸ்காவில் ஒருவரும் அரிசோனாவில் ஒருவரும் பின்னியதைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் ஒப்பிட முடிய வேண்டும் என்பதே நோக்கம். ஒரே ஊரின் இரு வேறு ஆண்டுகளை, பாட்டி பிறந்த ஆண்டையும் பேத்தி பிறந்த ஆண்டையும், இப்படி ஜோடியாகத் தொங்கவிடலாம்.

இந்த ஜோடி மிகவும் அவசியம். ஒற்றைப் போர்வை சொல்வது அந்த ஆண்டின் வானிலையை மட்டுமே. பூமி சூடாகிறதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. காரணம் எளிய கணக்கு. வானிலைத் துறையின் கணிப்புப்படி, 1901 முதலான பதிவுகளில் 2024தான் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு. 1991 முதல் 2020 வரையிலான சராசரியைவிட அந்த ஆண்டு எவ்வளவு கூடுதல்? 0.65 டிகிரி. அதற்கு முந்தைய சாதனை 2016இல், 0.54 டிகிரி. ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் வைத்த போர்வையில் 0.65 டிகிரி எங்கே தெரியப் போகிறது? பெரும்பாலான நாட்கள் அதே நிறத்திலேயே விழும். நாட்டின் மிகச் சூடான ஆண்டும் சாதாரண ஆண்டும் மேலோட்டமான பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும்.

ஆனால் வரிசைகளை எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். சராசரி அரை டிகிரி நகரும்போது, வரம்பின் விளிம்பில் நிற்கும் நாட்கள் அடுத்த நிறத்துக்குத் தாவுகின்றன. சிவப்பு வரிசைகள் கூடுகின்றன, நீலம் குறைகிறது, ஒவ்வொரு நிறமும் தன் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. 2022 மார்ச்சில் நாட்டின் சராசரி பகல் வெப்பநிலை 1901க்குப் பிறகு இல்லாத உச்சத்தைத் தொட்டது. பால் பிடிக்கும் பருவத்தில் கோதுமைக் கதிர் காய்ந்தது. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி இன்னொரு சாதனை: சராசரி பகல் வெப்பநிலை 29.54 டிகிரி, அதுவும் 1901க்குப் பிறகு இல்லாத அளவு. பஞ்சாபிலோ ஹரியாணாவிலோ அந்த இரண்டு ஆண்டுகளைப் பின்னியவர், மஞ்சள் நூல்கண்டை வழக்கத்துக்கு முன்பே பிரித்திருப்பார். விவசாயி வயலில் கண்டதுதான் அது.

மறதிக்கு எதிராக

எண்கள் வானிலைத் துறையின் கணினியில் பத்திரமாக இருக்கின்றன. பிறகு எதற்காக ஒருவர் ஓராண்டு உட்கார்ந்து பின்ன வேண்டும்? இதற்கான பதில் மனிதனின் ஞாபகசக்தியில் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பிரான்சஸ் மூர் தலைமையிலான குழு, 200 கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை அலசி 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அசாதாரணமான வெப்பநிலை வந்தால் மக்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதே வெப்பநிலை திரும்பத் திரும்ப வந்தால் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். எது சாதாரணம் என்று மனம் எடுத்துக்கொள்ளும் கணக்கு, கடந்த 2 முதல் 8 ஆண்டுகளின் அனுபவம் மட்டுமே என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு முந்தைய வானிலை மனதிலிருந்து கழன்றுவிடுகிறது. உடம்பு அவஸ்தைப்படுவது நிற்கவில்லை; ஆச்சரியப்படுவது மட்டும் நின்றுவிடுகிறது. 'எங்க காலத்துல இப்படி வெயில் இல்ல' என்று சொல்லும் தாத்தாவை வீட்டில் யாரும் நம்புவதில்லை. அவர் பிறந்த ஆண்டின் போர்வை கட்டிலில் கிடந்தால் நம்பித்தான் ஆக வேண்டும்.

நிறத்தால் வெயிலைச் சொல்லும் வழக்கம் இந்திய நிர்வாகத்துக்கும் அன்னியமல்ல. 2010 மே மாதத்தில் ஆமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டபோது, வழக்கமான மே மாதங்களைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 2013இல் அந்த மாநகராட்சி வகுத்த வெப்பச் செயல்திட்டம், தெற்காசியாவில் முதலாவது. அதன் எச்சரிக்கைகள் நிறங்களில் வந்தன: 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45ஐத் தொட்டால் சிவப்பு. மஞ்சளில் மக்களுக்கு அறிவுரை, சிவப்பில் மருத்துவமனைகள் உஷார். பின்னர் பல நகரங்கள் இதே வழியில் போயின. எச்சரிக்கையின் நிறம் மறுநாள் காலையில் அழிந்துவிடும். அதன் வேலை அன்றைய உயிர்களைக் காப்பது. போர்வையின் நிறத்துக்கு அப்படிப்பட்ட அவசரம் எதுவும் இல்லை. அந்த ஆண்டில் எத்தனை சிவப்பு நாட்கள் வந்தன என்று பின்னால் கேட்பவர்களுக்கு அது பதில் வைத்திருக்கிறது.

இதற்குத் தேவையான கைகளுக்கு இந்தியாவில் பஞ்சமே இல்லை. ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நர்சாபூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் எழுதிய புத்தகம், நாள் முழுக்கப் பின்னி அந்நியச் செலாவணி ஈட்டித் தருபவர்களை வீட்டில் சும்மா இருப்பவர்கள் என்று கணக்கெழுதும் அநியாயத்தைச் சுட்டிக்காட்டியது. சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' அமைப்பு, இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் உள்ள பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளைச் சேர்த்து 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வை என்ற கின்னஸ் சாதனையைப் படைத்தது. பரப்பு 11,148.5 சதுர மீட்டர். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர். இத்தனை திறமையும் பொறுமையும் இருக்கும் நாட்டில், மாவட்டத்துக்கு ஒரு வெப்பநிலைப் போர்வை என்பது பேராசையாகாது. பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில், விஞ்ஞான வாத்தியாரும் தையல் டீச்சரும் சேர்ந்து நடத்தக்கூடிய அபூர்வமான பாடம் இது.

முரண்பாடுகளும் இல்லாமல் இல்லை. கடையில் மலிவாக, எண்ணற்ற நிறங்களில் கிடைப்பது அக்ரிலிக் நூல். அதன் மூலப்பொருள் பெட்ரோலியம். பூமியைச் சூடாக்கும் பொருளிலிருந்தே பூமியின் சூட்டுக்குச் சாட்சி தயாரிப்பது சிலருக்கு உறுத்துகிறது. பருத்தி நூலுக்கு மாறினால் அந்த உறுத்தல் கொஞ்சம் குறையும். சென்னைக்கும் மும்பைக்கும் போர்த்திக்கொள்ளவும் தோதாக இருக்கும். போர்வை பின்னியதால் கரியமில வாயு ஒரு கிராம்கூடக் குறையப் போவதில்லை என்ற விமர்சனமும் உண்டு. உண்மைதான். கணக்குப்பிள்ளை கடனை அடைப்பதில்லை. எவ்வளவு கடன் என்று மறக்காமல் பார்த்துக்கொள்கிறார். 2024இல் உலக சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு மதிப்பிட்டது. அதைப் படிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிடலாம். தினமும் பத்து நிமிடம் ஊசியோடு உட்கார்ந்து ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை சிவப்பு நூலைத் தவிர வேறெதையும் தொட முடியாமல் போனவர், அந்தக் கோடையை அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்.

குரோஷாவுக்கென்று ஒரு குணம் உண்டு. அது கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கித்தான் பிரியும். மார்ச் 10ஆம் தேதியின் நிறம் தவறென்று ஜூன் மாதத்தில் தெரிய வந்தால், இடையில் பின்னிய மூன்று மாதத்தையும் உருவிப் போட்டுவிட்டு அந்த இடத்திலிருந்து மறுபடி வர வேண்டும். இந்தத் தொல்லையை ஒரு முறை அனுபவித்தவர்கள் அதன் பிறகு செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு நாளும் நூலை மாட்டுவதற்கு முன் எண்ணை இரண்டு முறை சரிபார்ப்பது.